பிரென்னாவிடம் கேமரா இல்லை

மான் வேட்டைப் பருவம் திறக்கும் நாளுக்கு முந்தின மத்தியானத்தில் யாராவது போன் செய்வார்களா? ஏரிக்கரையின் இந்தப் பக்கத்தில் பிறந்த ஒருவரும் செய்யமாட்டார்கள். அதனால் மேஜையில் போன் அடித்தபோதே இது வெளியூர்த் தொல்லை என்று பள்ளி ஆலோசகர் நோரா கங்காஸுக்குத் தெரிந்துவிட்டது. கையில் பாதி தின்ற பாஸ்டி. தேவாலயத்துப் பெண்கள் சுட்டு விற்றது, உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் இன்னும் சூடாக இருந்தன. அதைக் காகிதத்தின் மேல் வைத்தாள், விரல்களைத் துடைத்தாள், போனைப் பார்த்து ஒருமுறை முறைத்துவிட்டு எடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பள்ளியின் வண்டி நிறுத்துமிடம் பாதி காலியாகிவிட்டது. நாளைக்குப் பள்ளிக்கு விடுமுறை. கதவுக்குப் பின்னால் வேட்டைக்குப் போடும் அவளுடைய ஆரஞ்சு சட்டை தொங்கியது, அதன் கீழே பூட்ஸ். மூன்று மணிக்குத் தம்பி வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. வருஷத்தில் அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்காரக்கூடிய இடம் காட்டுக்குள் மானுக்காகக் காத்திருக்கும் மரப்பரண் ஒன்றுதான்.

"மிஸஸ் கங்காஸ்தானே? நான் வாட்லி, கல்லூரி சேர்க்கை அலுவலகத்துலேர்ந்து பேசறேன். பிரென்னா ரிவார்டுன்னு உங்க மாணவி. முழு உதவித்தொகைக்குக் கடைசிச் சுற்று வரைக்கும் வந்திருக்கா. திங்கக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள எனக்கு ஒரு குழப்பம் தீரணும்."

"கேளுங்க."

"அவ கட்டுரைல போன வருஷம் வேட்டை முதல் நாள் தனியா போய் மான் சுட்டேன்னு எழுதியிருக்கா. அப்பாவுக்கு மர ஆலையில முதுகு ஒடிஞ்சு படுத்துட்டார், வீட்டுல குளிர்காலத்துக்குக் கறி வேணும். சுட்டா, குடலை எடுத்தா, பனியில இழுத்துட்டு வந்தா. ஆவி பறந்துச்சுன்னு எழுதியிருக்கா. படிச்சப்போ எனக்கே கை சில்லிட்டுப் போச்சு."

"ஆமா. அவ அப்படித்தான்."

"சரி. இப்ப நீங்க அனுப்பின சிபாரிசு லெட்டரைப் படிக்கறேன். 'பிரென்னா அமைதியான இயற்கை ஆர்வலர். விடியலில் காட்டுக்குள் பொறுமையுடன் காத்திருந்து, மான்களைத் தன் கேமராவில் பதிவு செய்பவர். எந்த உயிருக்கும் தீங்கு நினைக்காத மென்மையான உள்ளம்.' மிஸஸ் கங்காஸ், ரெண்டும் ஒரே பொண்ணா?"

நோரா கணினித் திரையில் பிரென்னாவின் பக்கத்தைத் திறந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு நிஜமில்ல," என்றாள் வாட்லி. குரலில் கடுமை எதுவும் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "எங்களுக்கு இந்த வருஷம் மிஷின் எழுதின கட்டுரை மூட்டை மூட்டையா வருது. அதுல எல்லாருக்கும் ஒடிஞ்ச அப்பா இருக்கார், பனி பெய்யுது. இவ கட்டுரை கொஞ்சம் அளவுக்கு மீறியே நல்லா இருக்கு. கவுன்சிலர் வேற மாதிரி சொல்றப்போ நாங்க யாரை நம்பறது? நாங்க எப்பவும் கவுன்சிலரைத்தான் நம்புவோம்."

"ஒரு மணி நேரம் குடுங்க. நானே கூப்பிடறேன்," என்றாள் நோரா. அப்படிச் சொன்னதற்காகவே தன்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். ட்ரெவர்.

ட்ரெவர் என்பது பள்ளியில் இருக்கும் எழுதும் கருவிக்கு அவள் வைத்த பெயர். செயற்கை நுண்ணறிவு, உதவியாளர், இன்னும் என்னென்னவோ நீளமாக அதன் திரையில் எழுதியிருந்தது. நோராவுக்கு அதைப் பார்த்தால் தெற்கே இருக்கும் தன் மாப்பிள்ளை ட்ரெவரின் ஞாபகம்தான் வரும். வாயெல்லாம் தேன். யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை வராது. குழாய் ஒழுகினால் அந்த ஒழுகலையும் பாராட்டுவானே தவிர ஒரு நாளும் சரிசெய்யமாட்டான். பள்ளியில் இரண்டாவது ஆலோசகர் வேலையை எடுத்துவிட்டு, அந்த நாற்காலிக்குப் பதிலாக மாவட்ட நிர்வாகம் கொடுத்த ஆறுதல் பரிசு இந்தக் கருவி. நானூறு பிள்ளைகள், ஒரே நோரா, கூடவே ஒரு ட்ரெவர். திறப்பு விழாவுக்கு உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள்கூட வந்து படமெடுத்தார்கள்.

அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அதனிடம் வேலையை விட்டவள் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தானே குறிப்பு எழுதினாள். பிரென்னாவுக்கு எழுதிய குறிப்பு இப்போதும் திரையில் இருந்தது: மானைத் தனியாகச் சுட்டாள், தனியாக அறுத்தாள், ஒரு தொடையைப் பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள், மறுநாள் கணக்குப் பரீட்சைக்கு நகத்தில் ரத்தக்கறையோடு வந்து வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினாள். இதைவிட வேறென்ன வேண்டும்? அதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் போதும். ட்ரெவரிடம் கொடுத்து, "அழகா ஆக்கு" என்றாள். அவனும் ஆக்கிவிட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. அவன் மறைக்கவில்லை. அதுதான் அவளை அதிகமாக எரித்தது. கடிதத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வரி: "ஆயுதம், வேட்டை, உயிர்க்கொலை பற்றிய பகுதிகள் வாசகரைச் சங்கடப்படுத்தக்கூடும் என்பதால் பொருத்தமான வேறு இயற்கைச் செயல்பாடாக மாற்றப்பட்டுள்ளன." அதன் கீழே ஒரு பொத்தான், "அனைத்தையும் ஏற்கிறேன்". அழுத்தியது யார்? நோரா கங்காஸ். அன்றைக்குக் கடைசித் தேதி. ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முதல் பாராவைப் படித்தாள், நன்றாகத்தான் இருந்தது. மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"கேமராவாம்!" என்று காலி அறையில் கத்தினாள். "அந்த வீட்டுல ஒரு நல்ல கண்ணாடி கிடையாது. கேமராவுக்கு எங்க போவா?"

பிரென்னா இந்தக் கடிதத்தைப் பார்க்கவே போவதில்லை. அதுதான் வழக்கம். ஆலோசகர் எழுதுவதை ஒருநாளும் கேட்டு வாங்கிப் படிக்கமாட்டேன் என்று பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்போதுதான் கல்லூரிக்காரர்கள் அந்தக் கடிதத்தை மதிப்பார்கள். மூடிய கண்ணோடு தன் வாழ்க்கையை நோராவின் கையில் கொடுத்த பெண் அவள்.

முதல்வர் டேல் பெல்டோவின் அறையில் எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன. ஆள் கோட்டுப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றான். நோரா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் மெதுவாகக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான்.

"மிஸஸ் கங்காஸ், இது சின்ன விஷயம். வேற பொண்ணோட லெட்டர் மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க. அலுவலகத் தவறு. முடிஞ்சது."

"எந்தப் பொண்ணு?"

"யாரோ ஒரு பொண்ணு."

"நம்ம பள்ளிக்கூடத்துல மானைப் போட்டோ எடுக்கற பொண்ணு யாருடா இருக்கா? அதே காலேஜுக்குப் போட்டவ? பேரு என்னன்னு கேட்டா என்ன சொல்லட்டும், ட்ரெவர்னா?"

"சத்தம் போடாதீங்க. இங்க பாருங்க. ஏஐ எழுதுச்சு, நான் படிக்காம அனுப்பினேன்னு நீங்க வாய விட்டா, பிரென்னாவோட நிக்குமா? இந்த வருஷம் நம்மகிட்டேர்ந்து போன எல்லா லெட்டரையும் சந்தேகமா பார்ப்பாங்க. மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? அப்புறம் நிர்வாகக் குழு. அப்புறம் பத்திரிகை. போன மாசம்தான் நாம சிரிச்சிட்டு நின்ன படம் வந்துச்சு."

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் கொடுமை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கடிதங்கள் ஏற்கனவே போய்விட்டன. எல்லாவற்றிலும் ட்ரெவரின் தேன் வழிந்துகொண்டிருந்தது.

"டேல், உனக்குக் காலேஜ் லெட்டர் யார் எழுதினது?"

அவன் முகம் பதினேழு வயதுக்குத் திரும்பியது. "நீங்கதான்."

"அதுல என்ன எழுதினேன்னு உனக்குத் தெரியாது. இப்ப சொல்றேன். பையனுக்குக் கணக்கு வராது, கால்பந்தும் சுமார்தான், ஆனா மாட்டிக்கிட்டா பொய் சொல்லமாட்டான்னு எழுதினேன். கையால எழுதினேன். இப்ப அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கட்டுமா?"

டேல் கழற்றிய பொத்தான்களை மறுபடி மாட்ட ஆரம்பித்தான். "நான் கிளம்பிட்டேன், நீங்க என்கிட்ட எதுவும் கேக்கலைன்னு வச்சுக்கறேன்," என்றான். வாசலில் நின்று, "திங்கக்கிழமை நிர்வாகக் குழுவுக்கு நானே சொல்றேன்," என்றும் முனகினான். அதுவரைக்கும் வந்தானே என்று அவள் விட்டுவிட்டாள்.

வாட்லியைக் கூப்பிடுமுன் பிரென்னாவிடம் சொல்லியாக வேண்டும். இதை வேறு யாராவது சொல்லிக் கேட்டால் அந்தப் பெண் அப்புறம் ஒரு பெரியவரையும் நம்பமாட்டாள். நோரா கோட்டுகூடப் போடாமல் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். பிரென்னா அப்பாவின் பழைய டிரக் கண்ணாடியிலிருந்து உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், நோராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"உள்ள வா கண்ணு. அஞ்சு நிமிஷம்."

"செத்துட்டாங்களா யாராவது?"

"இல்ல. வா."

அறைக்குள் ட்ரெவர் கதையை நோரா சொல்லி முடிக்கும்வரை பிரென்னா ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள் நோரா. படிக்கக் கூடாத கடிதம்தான், ஆனாலும் காட்டினாள். பிரென்னா உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"மென்மையான உள்ளம்," என்றாள். சிரிப்பு வந்தது, ஆனால் நல்ல சிரிப்பில்லை. "என்கிட்ட கேமராவே இல்லியே, மிஸஸ் கங்காஸ். அந்த மானோட ஒரே ஒரு படம்தான் இருக்கு. ஊர் நடுவுல, எல்லாரும் சுட்ட மானைத் தொங்கவிடற கம்பத்துல அது தொங்குது, நான் பக்கத்துல நிக்கறேன். எடுத்தது பத்திரிகைக்காரன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா எப்படி இதை அனுப்பினீங்க?"

"படிக்கலை."

பிரென்னா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"செப்டம்பர்ல நான் இதே நாற்காலில உக்காந்து உங்களைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? எனக்கு எங்க நிறுத்தணும், எங்க கமா போடணும்னு வராது, அதை மட்டும் ஏஐகிட்ட கேட்டுக்கட்டுமான்னு கேட்டேன். கமா மட்டும்! நீங்க என்ன சொன்னீங்க?"

பதிலையும் பிரென்னாவே சொன்னாள்.

"'வேணாம். உன் கட்டுரை உன் கட்டுரையா இருக்கணும்'னீங்க. எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு, மிஷின் எழுதினது தெரிஞ்சா காலேஜ்காரன் தூக்கி எறிஞ்சிடுவான்னு பயமுறுத்தினீங்க. உறுதிமொழித் தாள் குடுத்துக் கையெழுத்து வாங்கினீங்க. நான் போட்டேன். அப்பாதான் ராத்திரி சமையலறைல உக்காந்து சத்தமா படிச்சார். அவருக்கு எங்க மூச்சு முட்டுச்சோ அங்க கமா போட்டேன். இப்ப நான்தான் மிஷினா? அளவுக்கு மீறி நல்லா இருக்காம்!"

"நீ இல்ல. தப்பு என்னோடது."

"அது எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

இதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை. நோரா வாட்லியின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள். பிரென்னா எழுந்து போகப் பார்த்தாள். உட்காரு என்று கையைக் காட்டினாள்.

"மிஸ் வாட்லி, நோரா கங்காஸ். பிரென்னா என் பக்கத்துல இருக்கா, கேட்டுட்டு இருக்கா. கட்டுரை நிஜம். ஒவ்வொரு வரியும். அந்த மான் இந்த ஊர்க் கம்பத்துல தொங்குச்சு, நானே பார்த்தேன், எங்க பத்திரிகைல படம் இருக்கு, அனுப்பறேன். பொய் என் லெட்டர்லதான். என் குறிப்பை எழுதற கருவிகிட்ட குடுத்தேன். அது வேட்டையைத் தூக்கிட்டு கேமராவைப் போட்டுச்சு. மாத்தினேன்னு ஓரத்துல சொல்லவும் சொல்லுச்சு. நான் முழுசா படிக்காம கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்ப உங்ககிட்டேர்ந்து வந்த மத்த லெட்டர்?"

"உங்களுக்கு ஆறு வந்திருக்கு. எல்லாம் அதே வழிதான். மத்த இடங்களுக்குப் போனதும் அப்படியே. மத்ததுல என்ன மாத்தியிருக்குன்னு எனக்கு இப்ப தெரியாது."

இருபத்தாறு வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் பிள்ளைகளைப் பற்றி ஒருநாளும் அவள் 'தெரியாது' என்ற சொல்லைச் சொன்னதில்லை.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? லெட்டர் மாறிப்போச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே," என்றாள் வாட்லி.

"எனக்கும் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

வாட்லியின் பக்கம் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. "ஒண்ணு கேக்கறேன். நான் போன் பண்ணலைன்னா நீங்களா சொல்லியிருப்பீங்களா?"

"படிச்சிருந்தாத்தானே சொல்றதுக்கு? படிக்கவே இல்லையேம்மா நான்."

வெளியே டிரக்கின் ஹாரன் ஒருமுறை மெல்ல அடித்தது. பிரென்னா திரும்பவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. அந்த ஆறையும் எடுத்து ஓரமா வைக்கறேன். திங்கக்கிழமை காலைல கமிட்டி. அதுக்கு முன்னாடி ஆறும் புதுசா வரணும், உங்க வார்த்தைல. வழுவழுன்னு இருக்க வேணாம், உண்மையா இருந்தா போதும். ஒண்ணு சொல்லிடறேன், இனி உங்க ஸ்கூல் பேரைப் பார்த்தா நான் ரெண்டு தடவை படிப்பேன். பிரென்னா, கேக்கறியா?"

"கேக்கறேன் மேடம்."

"உனக்குக் கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்கல. ஆனா உன் கட்டுரையை மறுபடி கமிட்டி முன்னாடி நானே படிப்பேன். நல்ல வேட்டையா அமையட்டும்."

போனை வைத்ததும் நோரா பாஸ்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பசி போயிருந்தது. தம்பிக்கு ஒரு வரி அனுப்பினாள்: நான் வரல, பரண் உனக்கே. அவனிடமிருந்து உடனே பதில் வந்தது, யார் செத்தாங்க என்று. இந்த ஊரில் அதைத் தவிர வேறு காரணத்துக்கு யாரும் முதல் நாளை விடமாட்டார்கள்.

"எல்லாத்தையும் திருப்பி எழுதப்போறீங்களா?" என்றாள் பிரென்னா.

"அந்த ஆறு முதல்ல. அப்புறம் மீதி. ஒவ்வொரு காலேஜையும் கூப்பிட்டு இதே பாட்டைப் பாடணும். நினைச்சாலே தலைவலி வருது."

"ட்ரெவரை என்ன பண்ணப் போறீங்க?"

"தேதி ஞாபகப்படுத்தட்டும். எந்தக் காலேஜுக்கு எது போகலைன்னு பார்த்துச் சொல்லட்டும். அதுக்கு அவன் கெட்டிக்காரன். மனுஷங்களைப் பத்தி அவன் பேச வேணாம்."

பிரென்னா எழுந்தாள். போவாள் என்று நோரா நினைத்தாள். அவள் போகவில்லை. அலமாரியின் மேல் இருந்த அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். செப்டம்பரில் பிள்ளைகளுக்கு நோராவே எழுதி அச்சடித்த உறுதிமொழித் தாள். இதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் என்னுடையது, இதை வேறு எவரும், எந்தக் கருவியும் எனக்காக எழுதவில்லை, இதற்கு நானே பொறுப்பு. கீழே இரண்டு கோடுகள். ஒன்று மாணவருக்கு, இன்னொன்று சாட்சியாக ஆலோசகருக்கு.

"இதென்ன?"

"என் லெட்டருக்கு. போடுங்க."

நோராவுக்குக் கோபம் சுரீரென்று வந்தது. இவ்வளவு நேரம் அவமானப்பட்டது போதாதா, பிள்ளைகூடத் தாளை நீட்டுகிறதே! "இன்னும் லெட்டரே எழுதலையேம்மா."

"நானும் எழுதறதுக்கு முன்னாடிதான் போட்டேன்."

நோரா பேனாவைத் தேடினாள். பாஸ்டி வைத்திருந்த இடத்தில் எண்ணெய்க்கறைக்குப் பக்கத்தில் கிடந்தது. 'மாணவர்' என்று போட்டிருந்த கோட்டின் மேல் தன் பெயரை எழுதினாள். அவசரத்தில் எப்போதும் கிறுக்குகிற மாதிரி கிறுக்காமல், எழுத்து எழுத்தாக எழுதினாள். எழுதியதும் தாளைப் பிரென்னாவிடம் தள்ளி, சாட்சிக் கோட்டைக் காட்டினாள்.

"சீக்கிரம் போடு. அப்பா குளிர்ல உக்காந்திருக்கார்."

பிரென்னா பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியில் விரல் வைத்து, உதடு அசையப் படிக்க ஆரம்பித்தாள். வெளியே ஹாரன் இரண்டாவது தடவை அடித்தது, இந்தத் தடவை நீளமாக.

"இருங்க," என்றாள். "முழுசா படிச்சிட்டுப் போடறேன்."

நோரா கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் கடைசி வரிக்கு வரும்வரை காத்திருந்தாள்.